மணவூர் கமலாவின் அண்டா

வீட்டில் சாமான் குறைந்தால் மனசில் பாரம் குறையும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். நீங்கள் குறைத்த சாமானில் உங்கள் மைத்துனர் பெயர் வெட்டியிருந்ததா? இல்லையென்றால் எளிய வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரியும். திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தணிகைவேல் நான். (எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு தணிகைவேல். 'ஜெராக்ஸ் வேலு' என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். ஒரிஜினல் வேலு யார் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.)

எல்லாம் ஓர் இட்லிக் குண்டானில் ஆரம்பித்தது. நான் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே சிலாப்பு. அதில் என் மனைவி வசந்தா சேர்த்து வைத்திருந்த பாத்திரங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு மத்தியானம் நான் கண் அயர்ந்திருந்தபோது பூனை ஒன்று அந்த வழியாக நடைபயிற்சி போனது. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டான் என் மண்டையில் இறங்கியது.

ஐஸ் கட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். நம் தலையில் என்ன விழுந்தது என்பது போனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ! முதல் வீடியோவிலேயே ஒரு தாடிக்காரர் வெள்ளையடித்த வெறும் அறையில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு வருடமாக நீங்கள் தொடாத பொருள் உங்களுக்குச் சொந்தமில்லை, நீங்கள்தான் அதற்குச் சொந்தம்" என்றார். அவர் வீட்டில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். முகத்தில் அப்படி ஒரு அமைதி. விருந்தாளி வந்தால் அந்த மனுஷர் என்ன செய்வார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அந்த வாரம் வசந்தா பொதட்டூர்பேட்டையில் இருக்கும் தன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று கிளம்பினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, வீடியோவும் நானுமாக இருந்த கோலத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

"தொடாதது எதுவும் நமக்குச் சொந்தமில்ல வசந்தா."

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸு போயிடும், கெளம்பு."

அவள் தெரு முனை திரும்பியதும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எளிய வாழ்க்கையில் இறங்கினேன்.

முதல் நாளே குழப்பம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'உன்னை நான் ஒரு வருஷத்தில் தொட்டேனா?' என்று கேட்க வேண்டும் என்கிறார் தாடிக்காரர். கையில் எடுத்தால் தொட்டதாகிவிடுகிறது. தொட்டுவிட்டால் அதன் ஆயுள் இன்னும் ஒரு வருஷம் நீள்கிறது. எடுக்காமல் எப்படிக் கேட்பது? ஒரு பழைய டார்ச் லைட்டின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றேன். அடுத்து காலண்டர்கள். எங்கள் ஊரில் நகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை என்று எங்கே போனாலும் வருஷப் பிறப்புக்கு முருகன் படம் போட்ட காலண்டர் தருவார்கள். தேதி போய்விடும், முருகன் போக மாட்டார். அவரைக் குப்பையில் எப்படிப் போடுவது? வருஷக்கணக்கான முருகன்கள் அலமாரிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். சிக்கிக் கிடந்த சார்ஜர் ஒயர்களைப் பிரிக்க உட்கார்ந்து, எழுந்தபோது அவை இன்னும் சிக்கலாகியிருந்தன.

கடைசியில் பாத்திரங்களிடம் வந்தேன். அங்கே குழப்பமே இல்லை. அண்ணாந்து பார்த்தாலே மண்டை வலித்தது.

எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாமல் யாரும் பாத்திரம் கொடுக்க மாட்டார்கள். கடையில் வாங்கியதும் 'டுர்ர்ர்' என்று ஒரு மிஷினை வைத்துப் புள்ளி எழுத்தில் பெயரும் ஊரும் போட்டுத் தருவார்கள். அதனால் எங்கள் சிலாப்பு ஒரு வாக்காளர் பட்டியல். பள்ளிப்பட்டு சித்தப்பா ஒரு குடம், அரக்கோணம் பெரியம்மா ஒரு தூக்கு, பேர் மறந்துபோன யாரோ ஒருவர் ஒரு முறுக்குக் குழல். எல்லாருக்கும் அடியில், மகாராஜா மாதிரி, ஒரு பித்தளை அண்டா. 'சேகர், நகரி'.

இந்தச் சேகர்தான் வசந்தாவின் ஒரே அண்ணன், எனக்குப் பாவா. எங்கள் மகள் நிவேதாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அந்த அண்டாவைக் கொண்டுவந்தார். பின்னாளில் அவளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது சமையல்காரர்கள் எங்கிருந்தோ அதே அண்டாவை இழுத்துவந்து எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். பாவா கை கழுவப் போனவர் பார்த்துவிட்டார். "என் சீர் அண்டாவுல எச்சி தட்டா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. போட்ட இலையைத் திரும்பிப் பார்க்காமல் நகரி பஸ் ஏறியவர் அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, போனிலும் பேசவில்லை. வசந்தா ஒவ்வொரு பண்டிகைக்கும் போன் போட்டு, மணி அடித்து ஓய்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

பேச்சில்லாத ஆளின் அண்டா பேச்சில்லாமல் போகட்டும் என்று நான் முடிவு செய்தேன். (இப்படியெல்லாம் எனக்குத் தோன்றும்போது யாராவது பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டும். யாரும் இருப்பதில்லை.)

அது ஆடிக் கிருத்திகை சமயம். மலையடிவாரத்துக்குப் போகும் வழியெல்லாம் பந்தல் போட்டு, காவடி எடுத்து வருகிறவர்களுக்குத் தண்ணீரும் மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள். எங்கள் தெருப் பந்தலை நடத்தும் முனிரத்தினம் அண்ணன், பாத்திரம் இரவல் கேட்டு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்.

"இரவல் எதுக்குண்ணே?" என்றேன். "மொத்தமா வச்சிக்குங்க. நம்ம உபயம்."

முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்ல சொல்ட்டியா?"

"ஊடே என்துதான்."

அன்று சாயந்திரம் பந்தல் மைக்கில், 'பாத்திரங்கள் உபயம் நமது ஜெராக்ஸ் வேலு அவர்கள்' என்று தெருவே கேட்கச் சொன்னார்கள். நான் காலியான சிலாப்பின் கீழ் கை காலை நீட்டிப் படுத்தேன். மேலே வெறும் சுண்ணாம்பு. சும்மா ஒரு தரம் "வசந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வீடு "சந்தா" என்று திருப்பிக் கூப்பிட்டது. தாடிக்காரரின் அமைதி எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம் போன் அடித்தது.

"இன்னாங்க! அண்ணன் போன் பண்ணாரு!" வசந்தாவின் குரல் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தினி அண்ணன் கீறாங்க? நகரி அண்ணந்தாங்க. காவடிக்கு மால போட்டுகினு கீறாராம். வெரதத்துல பகை வச்சிக்கினு மலை ஏறக்கூடாதுன்னு குருசாமி சொல்ட்டாராம். நாளைக்கி மலை எறங்கி நம்ம ஊட்டுக்கு சாப்ட வர்றாருங்க. நிவேதா கல்யாணத்துக்குக்கூட அவரே பேச்செடுத்தாரு. தாய்மாமன் நான் கீறேன், நீ இன்னாத்துக்கு கவலப்பட்றன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அடுத்து அவள் சொன்னதைக் கேட்கும் வரைக்கும்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சிலாப்பு மேல அண்ணன் குடுத்த அண்டா கீதில்ல? அத எறக்கி புளி போட்டு தேச்சி வையுங்க. தண்ணி ரொப்பி வாசல்ல வைக்கணும். கால் கழுவ குனிஞ்சா அவரு பேரு அவரு கண்ணுல படணும். கேக்குதா?"

"ஆங்" என்றேன். அந்த இரண்டு எழுத்தைச் சொல்லவே எனக்கு எச்சில் போதவில்லை.

பந்தலுக்கு ஓடினேன். முனிரத்தினம் அண்ணன் ஏணி மேல் நின்று மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"வா வேலு! சூப்பர் அண்டா குடுத்தய்யா. மோருக்கு எவர்சில்வர், தண்ணிக்கு உன் பித்தாளதான். வெட்டிவேர் போட்டு வச்சா தேனாட்டம் இருக்கும்."

"அண்ணே, அந்த அண்டாவ மட்டும் கொஞ்சம் திருப்பி..."

"இன்னாது?" ஏணி நின்றது. தோரணம் நின்றது. கீழே கீற்று முடைந்துகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். "முருகனுக்கு குடுத்தத திருப்பி கேக்கறியா?"

திருத்தணியில் பிறந்த எவனும் அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்ல மாட்டான். "சேச்சே! அடில சின்னதா ஒரு ஓட்ட கீதுண்ணே. அடச்சி குடுக்கலாம்னு பாத்தேன்."

"அதான பாத்தேன். பின்னாடி தார்ப்பாய் அடில கெடக்குது, எடுத்துகினு போ. காலைல ஜனம் வர்றதுக்குள்ள கொண்டாந்துடணும்."

தார்ப்பாய்க்கு அடியில் சுற்று வட்டாரத்து அண்டாக்கள் எல்லாம் கரியும் தூசியுமாகக் குந்தியிருந்தன. அவர் மனசு மாறுவதற்குள் அந்த அளவில் கைக்கு அகப்பட்ட பித்தளையைக் கோணியில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அசலை வாசலில் வைத்துவிட்டு, புதுசாக ஒன்று வாங்கிக் காலையில் பந்தலில் சேர்த்துவிடலாம் என்று கணக்கு. என்ன ஒரு மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கிருத்திகையன்று விடிந்ததும் புழக்கடையில் உட்கார்ந்து புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். கருப்பு போய் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் புள்ளி எழுத்து தெரிந்தது. முதலில் 'லா' வந்தது. 'சேகர்' என்கிற பெயரில் 'லா' எந்த இடத்தில் வரும் என்று யோசித்தேன். (வராது.) இன்னும் கொஞ்சம் புளி போட்டேன். 'மலா'. நான் நன்றாகத் தேய்த்தால் எழுத்து மாறிவிடும் என்பதுபோல் வெறிபிடித்துத் தேய்த்தேன். அண்டா தகதகவென்று மின்னியது. கண்ணாடி மாதிரி ஆன அந்தப் பித்தளையில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குக் குறுக்கே தெளிவாக எழுதியிருந்தது: 'கமலா, மணவூர்'.

"யாருங்க கமலா?"

பின்னால் வசந்தா. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தாள். கையில் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"தெரியாது."

"தெரியாதவ பேரு போட்ட அண்டாவ விடிகாலைல குந்திகினு இவ்ளோ ஆசையா தேய்க்கிறீங்க?"

"வசந்தா, சத்தியமா கமலாவ நான் பாத்ததே இல்ல."

"பாக்காமயே அண்டா குடுத்தாளா? பாத்திருந்தா இன்னா குடுத்திருப்பா?"

கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த குரல் எதிரொலியோடு வந்தது. "ஐயையோ! ஊட்ல திருடன் பூந்துட்டானாங்க?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், 'ஆமாம்' என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். திருடன் சார்ஜர் ஒயரையும் முருகன் காலண்டரையும் விட்டுவிட்டு முறுக்குக் குழலை எடுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் சொல்ல முடியாது என்பதால் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று காதைத் தயார்படுத்திக்கொண்டேன். கத்தவில்லை. காலியான சிலாப்புக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கி ஒரு வாய் சோறு துன்னாம போனாருங்க," என்றாள் மெதுவாக. "இன்னிக்கி அவரு அண்டாவ ரோட்ல பாத்துட்டாருன்னா அப்பறம் இந்த சென்மத்துல வரமாட்டாரு. நம்ம பொண்ணு மணவறைல தாய்மாமன் எடத்துல யாரைங்க நிக்க வைப்பேன்? தாடி வச்சிகினு ஒருத்தரு வீடியோல சொன்னாரே, அவரையா?"

எனக்கு எழுந்து நிற்க மட்டும்தான் தெரிந்தது. "இத குடுத்துட்டு அத கொண்டாந்துடறேன்" என்று வண்டிச் சாவியைத் தேடினேன்.

"கிருத்திகைல வண்டிய எங்கங்க வுடுவாங்க? தெரு மொனைல போலீசு கட்டை போட்டுகினு கீறாங்க. தலமேல வச்சிகினு போங்க. அந்த அழுக்கு லுங்கியோட போகாதீங்க, நல்ல நாளும் அதுவுமா."

அவள் எடுத்துக் கொடுத்த மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, துண்டைச் சும்மாடாக்கி, கமலாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: ஆடிக் கிருத்திகையன்று திருத்தணித் தெருவில் மஞ்சள் வேட்டி கட்டி, சட்டையில்லாமல், தலையில் பளபளக்கும் பித்தளையோடு ஒருவன் கண் கலங்க வேகமாக நடந்தால், அவன் பாத்திரம் மாற்றப் போகிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

"அரோகரா!" என்றது முதல் குரல்.

தெருத் திரும்புவதற்குள் ஓர் அம்மாள் குடத்தோடு ஓடிவந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். "நான் இல்லம்மா, நான் சும்மா அண்டா..." என்றேன். "ஆங் சாமி, அண்டா காவடி!" என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொன்னாள். யாரோ தலைக்கு மேல் காசு போட்டார்கள். காதுக்குள் 'டங்' என்றது. கைக்குழந்தையோடு ஒருத்தர் குறுக்கே வந்து, திருநீறு பூசச் சொன்னார். என் கையில் இருந்தது புளிதான். அதைப் பூசினேன். குழந்தை நக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

பந்தல் வந்தது. பெஞ்சு மேல் பாவாவின் அசல் அண்டா, வயிறு நிறைய வெட்டிவேர்த் தண்ணீரோடு, 'சேகர், நகரி' என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒதுங்க முயன்றேன். கூட்டம் ஒதுங்க விடவில்லை. முனிரத்தினம் அண்ணன் மைக்கைப் பிடித்தார். "பக்தகோடிகளே! தண்ணி அண்டா குடுத்த அதே ஜெராக்ஸ் வேலு, இன்னொரு அண்டாவ தலமேல சுமந்துகினு மலை ஏறப் போறாரு! வழி வுடுங்க!"

வழி விட்டார்கள். அந்த வழி மலையைப் பார்த்துத்தான் இருந்தது. பந்தல் பின்னால் போனது. நான் முன்னால் போனேன். என் கால் நடக்கிறதா கூட்டம் நடக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

படிக்கட்டு அடிவாரத்தில் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. பூக்காவடிகளோடு ஒரு கூட்டம். நடுவில், வெயிலில் கறுத்து, தாடியோடு (எனக்கு அந்த மாதம் எல்லாச் சோதனையும் தாடி வழியாகத்தான் வந்தது) பாவா. என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"மாப்ளே! என் அண்டாவ தலமேல வச்சிகினா என்னை கூப்ட வந்தீங்க?"

கமலாவின் பெயர் பின்பக்கமாக இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பம்பைக்காரர் அந்தச் சமயம் பார்த்து என் காதுக்குள் அடித்தார். பாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அரோகரா!" என்று முதல் படியில் கால் வைத்தார். பின்னால் ஊரே நின்றது. நானும் வைத்தேன்.

திருத்தணி மலைக்கு வருஷத்து நாளுக்கு ஒன்றாகப் படி கட்டியிருக்கிறார்கள் என்பார்கள். எனக்கு மட்டும் அன்று லீப் வருஷம். பாதியில் முட்டி, இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாக என்னிடம் விடைபெற்றுக்கொண்டன. சாமானைக் குறைத்து மனப்பாரத்தை இறக்கப் போனவன் முகம் தெரியாத ஒரு பெண்மணியின் அண்டாவைச் சுமந்துகொண்டு மலை ஏறுவதைப் பார்த்தால் தாடிக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். 'ஒரு வருஷத்தில் தொட்டீர்களா?' என்று கேட்டால், 'தலையால் தொட்டேன் சார்' என்று சொல்லலாம்.

மேலே தரிசனம் முடிந்து காவடியை இறக்கினார்கள். அண்டாவிலிருந்த காசை உண்டியலில் போட்டுவிட்டு ஒரு மண்டபத் தூணில் சாய்ந்தேன். பாவா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய சிநேகிதனைத் தொடுவதுபோல் அண்டாவைத் தடவிக்கொண்டே திருப்பினார்.

தடவிய கை நின்றது.

"மாப்ளே."

"ஆங் பாவா."

"யாரு இந்த கமலா?"

எனக்கு மூச்சு வாங்கியது. உண்மை துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. "பூனை... குண்டான்... தாடிக்காரர்... ஒரு வருஷமா தொடல... முனிரத்தினம்... ஓட்ட இல்ல, சும்மா சொன்னேன்... கமலா யாருன்னு சத்தியமா தெரியாது."

பாவா அண்டாவைக் கீழே வைத்தார். "என் அண்டா எங்க கீது? அத மட்டும் சொல்லுங்க."

"ரோட்ல" என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முன்னால் இறங்கினார். நான் கமலாவோடு பின்னால் இறங்கினேன். படி முடிந்ததும் இடது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட், நகரி பஸ். வலது பக்கம் எங்கள் தெரு. அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வலது பக்கம்தான் திரும்பினார். ஆனால் பந்தலில் நின்றுவிட்டார். அவரோடு வந்த நகரிக்காரர் ஒருவர், "ஒரேய் சேகரா! உன் பேர் போட்டு தண்ணி குடுக்குறாங்கடா!" என்று கூவினார். பாவா போய் வரிசையில் நின்றார். தம்ளர் வாங்கினார். குடித்தார். இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார். அப்புறம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த ஆள் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு அவரே அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். வெயிலில் வந்த பெண்கள், கால் கொப்பளித்த பிள்ளைகள், காவடியை இறக்காமல் வாயை மட்டும் காட்டிய கிழவர்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார். நான் குறுக்கே போய், "பாவா, நேரமாவுது..." என்றேன். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை. கமலாவைச் சத்தமில்லாமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வீட்டு வாசலில் வசந்தா நின்றிருந்தாள். என் தலையில் அண்டா இல்லை, கையிலும் இல்லை என்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அவள் காலடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர். வீட்டில் தண்ணீர் ரொப்பி வைக்க மிச்சமிருந்தது அதுதான்.

"வாண்ணா" என்றாள். பக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பாவா கால் கழுவக் குனிந்தார். பக்கெட்டை ஒரு பக்கம் பார்த்தார். நகர்ந்து போய் இன்னொரு பக்கமும் பார்த்தார்.

"இதுல யாரு பேரு போட்டுகீதும்மா?"

"யார் பேரும் இல்லண்ணா."

"அப்பாடா" என்றார் பாவா. "நிம்மதியா கால் கழுவலாம்."

வசந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கு எது வந்தது என்று தெரியவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இலை போட்டு உட்கார்ந்ததும் பாவா முதலில் சாம்பாரைப் பார்த்தார், அப்புறம் தங்கையைப் பார்த்தார். "அண்டாவ அங்கயே வுட்டுடும்மா. அன்னிக்கி எச்சி கழுவுச்சின்னு கோவம். இன்னிக்கி நூறு பேரு வாய நனைக்குது. சிலாப்பு மேல கெடந்து இன்னா பண்ணப்போவுது?" சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பறம்... நீங்க எங்க ஊட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஒரு குத்துவெளக்கு குடுத்தீங்களே..."

"ஆங்" என்றாள் வசந்தா, கரண்டியோடு.

"அத பத்தி கேட்டுடாத."

"எங்கண்ணா அது?"

"ஒங்க அண்ணி தங்கச்சி கல்யாணத்துக்கு அத குடுத்துட்டோம். அரம் வச்சி உங்க பேர ராவிட்டு." வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவசரமாக மென்றார். "நல்லாதான் ராவுனாங்க. தெரியவே இல்ல."

வசந்தா கரண்டியை ஓங்கினாள். நான் நடுவில் பாய்ந்தேன். கரண்டி என் மண்டையில், இட்லிக் குண்டான் விழுந்த அதே இடத்தில், இறங்கியது. அண்ணனும் தங்கையும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்து மௌனத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் கட்டிய வட்டி என் தலை.

திருவிழா முடிந்து பந்தல் பிரித்ததும், இரவல் பாத்திரங்கள் அவரவர் வீட்டுக்குப் போயின. கமலா மட்டும் மிஞ்சினாள். "ஓட்ட அடைக்க எடுத்துகினு போனது நீதான? நீயே வச்சிக்க" என்று முனிரத்தினம் அண்ணன் எங்கள் வாசலில் இறக்கிவிட்டார். உரியவளிடம் சேர்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவூருக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் இறங்கி, "இங்க கமலா வீடு எது?" என்று கேட்டேன். "எந்த கமலா? நீ யாரு? உனக்கு இன்னா வேணும்?" என்று ஒரு கமலாவின் புருஷன் கேட்டார். நான் அண்டாவைக் காட்டினேன். "எங்க கமலாவுக்கு அண்டா குடுக்க நீ யார்றா?" என்றார். அடுத்த ரயிலிலேயே நானும் அண்டாவும் திரும்பிவிட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், "கமலா எடுத்துகினு போயிருப்பா" என்பார்கள். நான் கடையிலிருந்து தாமதமாக வந்தால், "மணவூர் வண்டி லேட்டா?" என்பாள் வசந்தா. நிவேதா சென்னையிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி, "அப்பா, கமலா அத்தை சௌக்கியமா?" அவள் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் பாவாதான் நின்றார். பத்திரிகை அடித்ததும் 'கமலா குடும்பத்தார், மணவூர்' என்று ஒரு கவரில் எழுதி, அண்டாவுக்குள் போட்டவரும் அவர்தான்.

போன ஆடிக் கிருத்திகைக்குப் பாவா வந்தபோது கோணியில் சுற்றிய பெரிய உருண்டை ஒன்றை இறக்கினார். எனக்குக் கழுத்து தானாகவே வலித்தது. பிரித்தேன். புத்தம் புதுப் பித்தளை அண்டா. புள்ளி எழுத்து பளிச்சென்று இருந்தது: 'கமலாவுக்குத் துணை. சேகர், நகரி'.

இரண்டும் சிலாப்பில்தான் இருக்கின்றன. நான் தலையணையைக் கட்டிலின் மறுகோடிக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். இப்போது அவை என் காலுக்கு நேர் மேலே இருக்கின்றன.